2024 திருவண்ணாமலை நிலச்சரிவு

2024 திருவண்ணாமலை நிலச்சரிவு என்பது, பெஞ்சல் புயலின் கனமழையால் 2024 டிசம்பர் 1 அன்று மாலை தமிழ்நாட்டின் திருவண்ணாமலை நகரில், அண்ணாமலையின் அடிவாரப் பகுதியான வ.உ.சி. நகரில் ஏற்பட்ட மண், பாறைச் சரிவு ஆகும். மலைச்சரிவிலிருந்து உருண்டு வந்த பெரும்பாறைகளும் சேறும் வீடுகளை மூடியதில் ஐந்து சிறார் உட்பட ஏழு பேர் உயிரிழந்தனர். இதே மழையால் ஏற்காடு மலைப்பாதை, தென்பெண்ணை ஆற்றுப் பாலங்கள், சென்னை – திருச்சி தேசிய நெடுஞ்சாலை ஆகியவற்றில் போக்குவரத்து தடைபட்டது. அவ்வாண்டுக் கார்த்திகைத் தீபத் திருவிழாவில் பக்தர்கள் மலையேற அனுமதி வழங்கப்படவில்லை.

நிகழ்வுச் சுருக்கம்

நாள்: டிசம்பர் 1, 2024
இடம்: வ.உ.சி. நகர், திருவண்ணாமலை, தமிழ்நாடு
வகை: கனமழையால் ஏற்பட்ட மண், பாறைச் சரிவு
தூண்டிய நிகழ்வு: பெஞ்சல் புயல்
உயிரிழப்பு: 7

மலையும் நகரும்

அண்ணாமலை அல்லது அருணாசலம் எனப்படும் மலை 2,668 அடி (சுமார் 813 மீட்டர்) உயரமுடையது. இது சமவெளியின் நடுவே தனித்து எழுந்து நிற்கிறது. மலையின் கிழக்கு அடிவாரத்தில் அண்ணாமலையார் கோயிலும் பழைய நகரும் அமைந்துள்ளன. மலையைச் சுற்றிச் செல்லும் கிரிவலப் பாதை ஏறத்தாழ 14 கி.மீ. நீளமுடையது. ஒவ்வொரு முழுநிலவு நாளிலும் இலட்சக்கணக்கானோர் இப்பாதையில் நடந்து வலம் வருகின்றனர்.

செங்கம் சாலையில் மலையின் தென்புற அடிவாரத்தில் ரமணாசிரமம் உள்ளது. 1896 செப்டம்பர் 1 அன்று திருவண்ணாமலைக்கு வந்த ரமண மகரிசி, பல ஆண்டுகள் மலைமேலுள்ள விருபாட்ச குகையிலும் பின்னர் கந்தாசிரமத்திலும் வாழ்ந்தார். 1922 ஆம் ஆண்டிலிருந்து அடிவாரத்தில் ஆசிரமம் உருவாயிற்று. ஆசிரமத்தின் பின்புறமிருந்து கந்தாசிரமத்திற்குக் கல் பாவிய நடைபாதை ஒன்று செல்கிறது. மழைக்காலத்தில் மலையின் தென்பகுதியில் வழிந்தோடும் நீர் அப்பகுதிக் குளங்களையும் சமுத்திரம் ஏரியையும் அடைகிறது.

மலையின் பெரும்பகுதி பாறையும் புல்லும் புதர்களும் நிறைந்தது. கோடைக்காலத்தில் இங்கு காட்டுத்தீ அடிக்கடி ஏற்படும். 1980களின் பிற்பகுதியிலிருந்து தன்னார்வ அமைப்புகள் வனத்துறையின் துணையுடன் மரக்கன்றுகளை நட்டு, மலையின் பசுமைப் பரப்பைக் கூட்டி வருகின்றன. நகரம் வளர்ந்தபோது குடியிருப்புகள் கோயிலைச் சுற்றியுள்ள சமதளத்தைக் கடந்து மலைச்சரிவின் மீதும் ஏறின. வ.உ.சி. நகர் இவ்வாறு அமைந்த பகுதிகளுள் ஒன்றாகும். இங்குள்ள தெருக்கள் குறுகியவை; மேலே செல்லச் செல்லப் படிகளாகவும் ஏற்றமாகவும் மாறுபவை.

குளிர்காலப் புயல்களும் மலைகளும்

இமயமலைப் பகுதிகளில் குளிர்காலப் புயல் என்பது பனிப்பொழிவைக் குறிக்கும். மத்தியதரைக் கடல் பகுதியிலிருந்து கிழக்கு நோக்கி வரும் மேற்கத்தியக் காற்றுச் சலனங்கள் காசுமீர், இமாசலப் பிரதேசம், உத்தராகண்டம் ஆகியவற்றில் பனியைக் கொட்டுகின்றன. இதனால் மலைச்சாலைகள் மூடப்படுவதும் பனிச்சரிவுகள் ஏற்படுவதும் ஆண்டுதோறும் நிகழ்பவை.

தமிழ்நாட்டு மலைகளில் பனிப்புயல் வீசுவதில்லை. நீலகிரி, கொடைக்கானல் ஆகிய உயர்ந்த இடங்களிலும் குளிர்காலத்தில் உறைபனி படிவதுண்டே அன்றிப் பனிப்பொழிவு இல்லை. இங்கு மலைச்சாலைகளை மூடவைப்பது வடகிழக்குப் பருவமழைக் காலத்துப் புயல்மழையாகும். அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான இப்பருவத்தில் தமிழ்நாடு தன் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதியைப் பெறுகிறது. இப்பருவத்தின் இயல்பு அளவு சுமார் 44 செ.மீ. ஆகும். 2024 இல் சுமார் 59 செ.மீ. மழை பெய்தது. இது இயல்பை விட 33 விழுக்காடு கூடுதலாகும்.

பனிச்சரிவுக்கும் மழையால் ஏற்படும் நிலச்சரிவுக்கும் அடிப்படையில் ஓர் ஒற்றுமை உண்டு. சரிவின் மீது தங்கியுள்ள ஓர் அடுக்கு, புதிதாகச் சேரும் சுமையாலும் பிடிப்பு குறைவதாலும் தனக்குக் கீழுள்ள உறுதியான அடுக்கிலிருந்து விலகிக் கீழே இறங்குகிறது. முன்னதில் அது பனி. பின்னதில் அது நீர் ஊறிய மண்.

பெஞ்சல் புயலின் போக்கு

2024 நவம்பர் மாத இறுதியில் வங்காள விரிகுடாவில் உருவான காற்றழுத்தத் தாழ்வு மண்டலம், முதலில் இலங்கையின் கிழக்குக் கரையோரமாக நகர்ந்தது. அங்கு பெய்த பெருமழையில் நவம்பர் 26 அன்று அம்பாறை மாவட்டத்தின் காரைதீவு அருகே, மதரசா மாணவர்களை ஏற்றிச் சென்ற உழவு இயந்திரம் சாலையைக் கடந்த வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டது. இதில் மாணவர்கள் உட்படப் பலர் உயிரிழந்தனர்.

நவம்பர் 29 அன்று இது புயலாக வலுப்பெற்றதாக இந்திய வானிலை ஆய்வுத்துறை அறிவித்தது. சவுதி அரேபியா வழங்கிய பெயர்ப்பட்டியலின்படி இதற்குப் பெஞ்சல் எனப் பெயரிடப்பட்டது. பெங்கல், ஃபெங்கல் எனவும் இப்பெயர் எழுதப்படுகிறது. நவம்பர் 30 மாலை புதுச்சேரிக்கு அருகே புயல் கரையைக் கடந்தது. அன்று பிற்பகல் முதல் கிழக்குக் கடற்கரைச் சாலையில் பேருந்துப் போக்குவரத்து நிறுத்தி வைக்கப்பட்டது. சென்னை வானூர்தி நிலையமும் தற்காலிகமாக மூடப்பட்டது.

கரையைக் கடந்த பின்னர் புயல் வேகமாக உள்நாட்டுக்குள் செல்லவில்லை. புதுச்சேரிக்கு அருகிலேயே பல மணி நேரம் நகராமல் நின்றது. டிசம்பர் 1 அன்று அது ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாக வலுவிழந்து, மெதுவாக மேற்கு நோக்கி விழுப்புரம், திருவண்ணாமலை, கிருட்டிணகிரி, தருமபுரி, சேலம் பகுதிகளில் மழையைப் பொழிந்தது. பின்னர் மேலும் வலுவிழந்து டிசம்பர் 3 அன்று அரபிக்கடலை அடைந்தது.

மழைப்பொழிவு

இந்திய வானிலை ஆய்வுத்துறையின் வகைப்பாட்டில் 24 மணி நேரத்தில் 20 செ.மீ.க்கு மேல் பெய்யும் மழை அதி கனமழை எனப்படும். பெஞ்சல் புயலின்போது பல இடங்களில் இவ்வளவைப் போல இரு மடங்கிற்கும் மேல் மழை பதிவாயிற்று.

டிசம்பர் 1 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் விழுப்புரம் மாவட்டத்தின் மயிலத்தில் சுமார் 51 செ.மீ., புதுச்சேரியில் சுமார் 49 செ.மீ. மழை பெய்தது. டிசம்பர் 2 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் கடற்கரையிலிருந்து வெகுதொலைவில் உள்ள ஊத்தங்கரையில் (கிருட்டிணகிரி மாவட்டம்) சுமார் 50 செ.மீ. மழை பதிவாயிற்று. 50 செ.மீ. மழை என்பது ஒவ்வொரு சதுர மீட்டர் நிலத்தின் மீதும் 500 லிட்டர் நீர் விழுவதற்குச் சமமாகும்.

புயல்களுக்கு வழங்கப்படும் பெயரும் தரமும் காற்றின் வேகத்தை அடிப்படையாகக் கொண்டவை. மழையின் அளவை அல்ல. மணிக்கு 62 கி.மீ.க்குக் குறைவான வேகமுடையது புயல் எனக் கருதப்படுவதில்லை. திருவண்ணாமலை நிலச்சரிவு, புயல் வலுவிழந்துவிட்டதாக அறிவிக்கப்பட்ட பின்னரே நிகழ்ந்தது. காற்று தணிந்த நிலையிலும் மெதுவாக நகரும் ஒரு தாழ்வு மண்டலம், விரைந்து கடந்து செல்லும் கடும்புயலைவிட மிகுந்த மழையை ஓரிடத்தில் கொட்ட இயலும்.

நிலச்சரிவு

டிசம்பர் 1 அன்று திருவண்ணாமலையில் இடைவிடாது மழை பெய்தது. மாலையில் வ.உ.சி. நகர் 11 ஆவது தெருவுக்கு மேலுள்ள மலைச்சரிவில் மண் பெயர்ந்து, பெரும்பாறை ஒன்று வீடுகளை நோக்கி உருண்டு வந்தது. அதனுடன் சேறும் சிறு பாறைகளும் மரங்களும் இறங்கின. வீடு ஒன்று முழுமையாக மண்ணில் புதைந்தது. அவ்வீட்டில் இருந்த கணவன், மனைவி, அவர்களின் இரு குழந்தைகள், அருகிலுள்ள வீடுகளைச் சேர்ந்த மூன்று சிறுமியர் ஆகிய ஏழு பேரும் சிக்கிக்கொண்டனர்.

மீட்புப் பணி

காவல்துறையினரும் தீயணைப்பு, மீட்புப்பணித் துறையினரும் முதலில் மீட்புப் பணியைத் தொடங்கினர். பின்னர் தேசியப் பேரிடர் மீட்புப் படையினர் வந்து சேர்ந்தனர். மோப்ப நாய்களும் பயன்படுத்தப்பட்டன. தொடர்ந்து பெய்த மழை, இருள், மேலும் பாறைகள் உருளக்கூடும் என்ற அச்சம் ஆகியவற்றால் பணி தடைபட்டது. தெருக்கள் குறுகலாகவும் ஏற்றமாகவும் இருந்தமையால் மண் அள்ளும் பெரிய இயந்திரங்களை மேலே கொண்டு செல்ல இயலவில்லை. எனவே பெரும்பகுதி வேலை கைக்கருவிகளைக் கொண்டே செய்யப்பட்டது. வீட்டின் மேல் சாய்ந்து நின்ற பெரும்பாறை அசைந்தால் மீட்போருக்கும் ஆபத்து நேரும் நிலை இருந்தது.

டிசம்பர் 2 அன்று ஐவரின் உடல்களும், டிசம்பர் 3 அன்று எஞ்சிய இருவரின் உடல்களும் மீட்கப்பட்டன. எவரையும் உயிருடன் மீட்க முடியவில்லை. இதற்கிடையில் மலையின் வேறு இடங்களிலும் மண்சரிவுகள் ஏற்பட்டன. அடிவாரப் பகுதியில் வசித்தோர் பாதுகாப்பான இடங்களுக்கு மாற்றப்பட்டனர். சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த மண்ணியல் வல்லுநர்கள் நிலச்சரிவு நிகழ்ந்த இடத்தைப் பார்வையிட்டனர்.

நிலச்சரிவு நிகழும் விதம்

வட தமிழகத்தின் குன்றுகள் பெரும்பாலும் மிகப் பழமையான கடினப் பாறைகளால் ஆனவை. இப்பாறைகளே எளிதில் உடைவதில்லை. ஆயினும் அவற்றில் உள்ள வெடிப்புகளின் வழியே நீர் இறங்கி, நெடுங்காலமாக அவற்றைச் சிதைக்கிறது. வெடிப்புகளை ஒட்டிய பகுதி மண்ணாக மாற, நடுவிலுள்ள சிதையாத பகுதி உருண்டையான பாறைகளாக எஞ்சுகிறது. இவ்வாறு மலைச்சரிவில் மெல்லிய மண்ணடுக்கும் அதனுள் புதைந்தும் அதன்மேல் அமர்ந்தும் இருக்கும் தனிப்பாறைகளும் உருவாகின்றன.

வறண்ட மண்ணில் துகள்களுக்கிடையே உள்ள உராய்வு அவற்றைச் சரிவில் நிறுத்தி வைக்கிறது. கனமழையின்போது மண்ணின் இடைவெளிகள் நீரால் நிரம்பும். அடியிலுள்ள பாறையினுள் நீர் எளிதில் இறங்க இயலாமையால், மண்ணுக்கும் பாறைக்கும் இடையே நீர் தேங்கும். தேங்கும் நீரின் அழுத்தம் துகள்களை ஒன்றிலிருந்து ஒன்று விலக்குவதால் உராய்வு குறைகிறது. அதே நேரத்தில் நீரின் எடையால் மண்ணின் சுமை கூடுகிறது. ஒரு கட்டத்தில் மண் சரிந்து, அது தாங்கியிருந்த பாறைகளும் பிடிப்பை இழந்து உருளுகின்றன.

மலைச்சரிவைப் படியாக வெட்டி வீடு கட்டுவது, நீர் வழிந்தோடும் ஓடைகளை அடைப்பது, வேர்ப்பிடிப்புள்ள தாவரங்களை அகற்றுவது ஆகியன இந்நிலையை விரைவுபடுத்தும் பொதுவான காரணங்கள் ஆகும். பல நூற்றாண்டுகள் அசையாது இருந்த பாறை என்பது, அது இனியும் அசையாது என்பதற்கு உறுதியன்று. அப்பாறையை நிறுத்தியிருந்த மண் எவ்வளவு நீரைத் தாங்கும் என்பதே முதன்மையானது.

சாலைப் போக்குவரத்தில் ஏற்பட்ட பாதிப்பு

மலைப்பாதைகள்

சேர்வராயன் மலையிலுள்ள ஏற்காட்டுக்குச் செல்லும் மலைப்பாதைகளில் மண்சரிவுகள் ஏற்பட்டுப் பாறைகள் சாலையில் விழுந்தன. இதனால் வாகனப் போக்குவரத்து தடை செய்யப்பட்டு, சீரமைப்புக்குப் பின்னர் படிப்படியாக அனுமதிக்கப்பட்டது. மலைச்சாலைகள் சரிவை வெட்டி அமைக்கப்படுவதால், வெட்டப்பட்ட மேற்புறமும் மண் கொட்டிச் சமன் செய்யப்பட்ட கீழ்ப்புறமும் மழையில் எளிதில் பெயர்வன.

ஊத்தங்கரை

ஊத்தங்கரையில் ஏரி நிரம்பி வழிந்த வெள்ளம், கிருட்டிணகிரி – திருவண்ணாமலை சாலையோரம் நிறுத்தப்பட்டிருந்த பேருந்துகளையும் சிற்றுந்துகளையும் இழுத்துச் சென்றது. வாகனங்கள் ஒன்றன்மீது ஒன்றாகத் தாழ்வான பகுதியில் குவிந்த காட்சி பரவலாக ஒளிபரப்பப்பட்டது.

தென்பெண்ணை ஆறு

கருநாடகத்தின் நந்தி மலைப்பகுதியில் தோன்றும் தென்பெண்ணை, கிருட்டிணகிரி, திருவண்ணாமலை மாவட்டங்கள் வழியாகப் பாய்ந்து கடலூர் அருகே கடலில் கலக்கிறது. சேர்வராயன் மலையில் தோன்றும் வாணியாறும் ஊத்தங்கரைப் பகுதியின் பாம்பாறும் இதன் துணையாறுகள் ஆகும். மலைகளில் பெய்த மழை இவ்வழியே 1958 இல் கட்டி முடிக்கப்பட்ட சாத்தனூர் அணையை வந்தடைந்தது. டிசம்பர் 2 அதிகாலையில் அணையிலிருந்து விநாடிக்கு சுமார் 1.68 இலட்சம் கன அடி நீர் திறந்துவிடப்பட்டது. முன்னெச்சரிக்கை போதுமானதாக இருந்ததா என்பது குறித்து எதிர்க்கட்சிகள் கேள்வி எழுப்பின. உரிய எச்சரிக்கைகள் விடுக்கப்பட்டதாக அரசு மறுமொழி கூறியது.

அணைக்குக் கீழே, திருவண்ணாமலை மாவட்டத்தில் அகரம்பள்ளிப்பட்டு – தொண்டமானூர் இடையே சுமார் 16 கோடி ரூபாய் செலவில் கட்டப்பட்டு 2024 செப்டம்பரில் திறக்கப்பட்ட உயர்மட்டப் பாலம் இவ்வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டது. பாலம் விநாடிக்கு சுமார் 54,000 கன அடி நீரோட்டத்திற்காக வடிவமைக்கப்பட்டது என்றும், வந்த வெள்ளம் அதனைப் பன்மடங்கு விஞ்சியது என்றும் அரசு விளக்கம் அளித்தது.

நெடுஞ்சாலையும் தொடர்வண்டிப் பாதையும்

விழுப்புரம் மாவட்டத்தின் அரசூரில் மலட்டாற்று வெள்ளம் சென்னை – திருச்சி தேசிய நெடுஞ்சாலையை மூழ்கடித்தது. டிசம்பர் 2 அன்று இங்கு போக்குவரத்து நிறுத்தப்பட்டு வாகனங்கள் மாற்றுப்பாதைகளில் திருப்பிவிடப்பட்டன. விக்கிரவாண்டி – முண்டியம்பாக்கம் இடையே தொடர்வண்டிப் பாலத்தில் வெள்ளம் அபாய அளவைத் தாண்டியதால், சென்னைக்கும் தென் மாவட்டங்களுக்கும் இடையிலான பல தொடர்வண்டிகள் நீக்கப்பட்டன அல்லது வேறு பாதையில் இயக்கப்பட்டன. தலைநகரையும் தென் தமிழகத்தையும் இணைக்கும் முதன்மைச் சாலையும் இருப்புப் பாதையும் இவ்வாறு ஒரே நாளில் தடைபட்டன.

கார்த்திகைத் தீபத் திருவிழா

நிலச்சரிவு நிகழ்ந்து மூன்று நாட்களுக்குப் பின்னர், டிசம்பர் 4 அன்று அண்ணாமலையார் கோயிலில் கார்த்திகைத் தீபத் திருவிழா கொடியேற்றத்துடன் தொடங்கியது. திருவிழாவின் பத்தாம் நாளில் மலையுச்சியில் மகாதீபம் ஏற்றப்படுவது வழக்கம். தீபம் ஏற்றும் பரம்பரை உரிமை பர்வதராசகுலத்தைச் சேர்ந்தோருக்கு உரியது. தீபக் கொப்பரை, நெய், திரித்துணி ஆகியவை ஆட்களால் மலைமீது சுமந்து செல்லப்படுகின்றன. முந்தைய ஆண்டுகளில் இவர்களைத் தவிர 2,500 பக்தர்களும் அனுமதிச் சீட்டுடன் மலையேற விடப்பட்டனர்.

2024 இல் மலையின் நிலையை ஆராய எட்டுப் பேர் கொண்ட புவியியல் வல்லுநர் குழு அமைக்கப்பட்டது. மலைப்பாதையில் பல இடங்களில் மண் இளகியும் பாறைகள் பிடிப்பின்றியும் இருந்தமையால் பக்தர்களை அனுமதிப்பது பாதுகாப்பானதன்று என முடிவு செய்யப்பட்டது. வழக்கப்படி தீபம் ஏற்றப்படும் என்றும், அதற்குத் தேவையானோர் மட்டுமே மலைக்குச் செல்வர் என்றும் இந்து சமய அறநிலையத்துறை அமைச்சர் பி. கே. சேகர்பாபு அறிவித்தார். டிசம்பர் 13 அன்று மாலை 6 மணிக்கு மகாதீபம் ஏற்றப்பட்டது. பக்தர்கள் கோயிலிலிருந்தும் நகரின் தெருக்களிலிருந்தும் கிரிவலப் பாதையிலிருந்தும் அதனைக் கண்டனர்.

நிவாரணம்

உயிரிழந்த ஒவ்வொருவரின் குடும்பத்திற்கும் 5 இலட்சம் ரூபாய் வழங்கப்படும் என முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் அறிவித்தார். புயலால் தமிழ்நாட்டில் 14 மாவட்டங்களைச் சேர்ந்த ஏறத்தாழ 69 இலட்சம் குடும்பங்கள் பாதிக்கப்பட்டதாகக் குறிப்பிட்ட மாநில அரசு, இடைக்கால நிவாரணமாக 2,000 கோடி ரூபாயை நடுவண் அரசிடம் கோரியது. டிசம்பர் 6 அன்று மாநிலப் பேரிடர் நிதிக்கான நடுவண் அரசின் பங்காக 944.80 கோடி ரூபாய் விடுவிக்கப்பட்டது.

ஒத்த நிகழ்வுகள்

தமிழ்நாட்டில் நிலச்சரிவு என்றவுடன் பெரும்பாலும் நீலகிரி மாவட்டமே கருதப்பட்டு வந்தது. 1993 நவம்பரில் மரப்பாலத்தில் ஏற்பட்ட நிலச்சரிவு குன்னூர் – மேட்டுப்பாளையம் சாலையைத் துண்டித்துப் பலரைப் பலிகொண்டது. 2009 நவம்பரில் நீலகிரியின் பல இடங்களில் நிகழ்ந்த சரிவுகளில் 40க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். இவ்விரண்டும் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் நிகழ்ந்தவை. கேரளத்தின் வயநாட்டில் 2024 சூலை 30 அன்று தென்மேற்குப் பருவமழையால் ஏற்பட்ட நிலச்சரிவில் 200க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

திருவண்ணாமலை இவற்றினின்றும் வேறுபட்டது. இது மலைத்தொடரின் நடுவே அமைந்த மலைவாழிடம் அன்று. தனிக்குன்று ஒன்றின் அடிவாரத்தில் சமவெளியில் அமைந்த கோயில் நகரம். குன்றை ஒட்டி வளர்ந்த நகரங்கள் தமிழ்நாட்டில் பல உள்ளமையால், நிலச்சரிவு அபாயம் மலை மாவட்டங்களுக்கு மட்டும் உரியது அன்று என்பதை இந்நிகழ்வு உணர்த்தியது.

நிலச்சரிவின் முன்னறிகுறிகள்

மலையடிவாரங்களில் வாழ்வோர் கனமழைக் காலத்தில் கவனிக்க வேண்டிய பொதுவான அறிகுறிகள் பின்வருமாறு:

• சரிவில் அல்லது வீட்டின் தரையில், சுவரில் புதிய வெடிப்புகள் தோன்றுதல்
• மரங்கள், மின்கம்பங்கள், வேலிகள் ஆகியன சாய்தல்
• முன்னர் நீர் வராத இடத்தில் ஊற்று தோன்றுதல்
• ஓடைநீர் திடீரெனக் கலங்குதல், அல்லது மழை நீடிக்கையில் நீர்வரத்து திடீரெனக் குறைதல். இது மேலே மண் சரிந்து ஓடையை அடைத்திருப்பதைக் குறிக்கக்கூடும்
• சிறு கற்கள் தொடர்ந்து உருண்டு விழுதல்
• மலையிலிருந்து உறுமல் போன்ற ஒலி அல்லது மரங்கள் முறியும் ஒலி கேட்டல்

இவற்றுள் எதுவும் காணப்பட்டால் சரிவின் நேர் கீழ்ப்பகுதியையும் ஓடைப்பாதையையும் விட்டுப் பக்கவாட்டில் விலகிச் செல்லுதல் வேண்டும். மழை நின்ற பின்னரும் மண்ணிலுள்ள நீர் வடியச் சில நாட்கள் ஆகும் என்பதால், உடனடியாக வீடு திரும்புதல் பாதுகாப்பானதன்று.

இவற்றையும் பார்க்க

• அண்ணாமலையார் கோயில்
• வடகிழக்குப் பருவமழை
• தென்பெண்ணை ஆறு
• சாத்தனூர் அணை
• நிலச்சரிவு